முனைவர் பட்டத்துக்குப் பானை செய்யப் போகிறீர்களா?

படைப்பையே ஆய்வாகச் சமர்ப்பிக்கும் முனைவர் பட்டம் பிரிட்டன், ஆஸ்திரேலியா, பின்லாந்து பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. நான் மண்பாண்டக்காரி, மரச்சாம்பல் கிளேஸ்தான் (சூளையில் உருகிப் பானைமேல் கண்ணாடிபோல் படியும் பூச்சு) என் ஆய்வு. புதிதாகச் சேர்கிறவர்கள் "எத்தனை பக்கம் எழுதணும் அக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது பிறகு. முதலில் கேள்வியைப் பிடியுங்கள்.

செய்துபார்த்தால் மட்டுமே விடை கிடைக்கிற கேள்வியாக அது இருக்க வேண்டும். சாம்பல் கிளேஸின் வரலாறு என்றால் நூலகம் போதும். சீமைக்கருவேலச் சாம்பலைக் கழுவிப் பூசினால், சூளையில் கிளேஸ் உருகி வழிகிற ஒழுக்கு எவ்வளவு குறையும், அதற்கேற்பப் பானையின் தோள் எப்படி மாற வேண்டும் என்றால், சுட்டுத்தான் தீர வேண்டும். கலையைப் பற்றிய ஆய்வு, கலை வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு என்று பிரிட்டனின் கலைக் கல்வியாளர் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-ல் பிரித்துக் காட்டினார். உங்களுடையது எது என்று வழிகாட்டியோடு பேசி முடிவுசெய்யுங்கள்.

அடுத்தது குறிப்பேடு. என்னைக் கேட்டால் பாதி ஆய்வு இதில்தான் இருக்கிறது. கிளேஸைப் பூசிச் சுட்டுப் பார்க்கிற சிறு மண் துண்டான சோதனை வில்லை ஒவ்வொன்றின் முதுகிலும் இரும்பு ஆக்சைடால் எண் எழுதுங்கள். பேனா மை சூளையில் எரிந்துபோகும். எந்த மரம், எத்தனை முறை கழுவியது, பூச்சு எவ்வளவு தடிப்பு, சூளையில் எந்தத் தட்டு, உச்ச வெப்பம் 1,280 டிகிரி செல்சியஸா அதற்கும் மேலா, எப்படி ஆறியது, எல்லாம் அதே எண்ணில் பதிவாகட்டும். கூடவே "ஏன் இப்படிச் செய்தேன், என்ன எதிர்பார்க்கிறேன்" என்று ஒரு பத்தி. இதைச் சூளை திறப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். திறந்த பிறகு எழுதினால், வந்த நிறத்தைத்தான் முதலிலிருந்தே தேடினோம் என்று மனம் சாதிக்கும். ஒழுகித் தட்டோடு ஒட்டிய வில்லையையும் தூக்கிப் போடாதீர்கள். கழுவாத சாம்பலில் கரையும் உப்புகள் மிச்சமிருப்பதற்கு அதுவே சாட்சி.

எழுத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும். சேருமுன் விதிமுறையைப் படித்துவிடுங்கள். பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் ஆய்வுகளை எடைபோட்ட 2021 ஆய்வுத்தர மதிப்பீட்டில் (REF) படைப்புகளோடு 300 சொல்லில் ஒரு விளக்கம் இணைக்க இடமிருந்தது. கேள்வி, செய்த முறை, புதிதாகத் தெரிந்தது, இந்த மூன்றையும் அதே 300 சொல்லில் எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரவில்லை என்றால் மறுபடி சூளைக்குப் போக வேண்டியதுதான்.

வாய்மொழித் தேர்வை உங்கள் பானைகளின் கண்காட்சி நடக்கும்போதே வைக்கச் சொல்லிப் பிடிவாதமாகக் கேளுங்கள். தேர்வாளர்கள் பானையைக் கையில் எடுத்து, திருப்பி, அடியைத் தடவிப் பார்க்கட்டும்.