அடினியம் நாற்று அழுகுவது ஏன்? விதைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலைவன ரோஜா எனப்படும் அடினியத்தை விதையிலிருந்து வளர்க்க ஒரு காரணம் போதும்: பானை போலப் பருத்து நிற்கும் அந்த அடித்தண்டு. கிளையை வெட்டி ஊன்றினாலும் செடி வரும், பூவும் பூக்கும். ஆனால் அந்த உருண்ட அடி விதைச் செடியில்தான் அழகாக அமையும். விதை முளைப்பதில் பெரிய சிரமமில்லை. முளைத்த நாற்று ஒரு மாதத்துக்குள் ஒவ்வொன்றாகச் சாய்வதுதான் பலரையும் வருத்துகிறது.

இந்தச் செடியின் தாயகம் சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட ஆப்பிரிக்கப் பகுதிகளும் அரேபியாவும். கொஞ்ச நாள் மழை, பிறகு நீண்ட வறட்சி என்ற பருவத்துக்குப் பழகியது. முளைக்கும் வரை அதற்கு ஈரம் வேண்டும். முளைத்த பிறகு அதே ஈரம் நீடித்தால் வேர் அழுகும். இந்த இரண்டு கட்டங்களுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் விடுவதே முதன்மையான தவறு.

அடுத்தது பழைய விதை. புது விதை 3 முதல் 7 நாளில் முளைக்கும். மாதங்கள் போகப் போக முளைப்புத் திறன் சரியும். விரலால் அழுத்தினால் உள்ளீடற்று அமுங்கும் விதையை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் செடியிலேயே கொம்பு போல இரட்டைக் காய் விட்டிருந்தால், முற்றும் முன்பே நூலால் தளர்வாகக் கட்டிவையுங்கள். விதையின் இரு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் இருப்பதால், காய் வெடித்தால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

இரவு முழுக்க ஊறவைப்பது தேவையில்லை. 2 மணி நேரம் போதும்.

மண் கலவையில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். தோட்டத்துச் செம்மண்ணும் தொழுஉரமும் கலந்த வழக்கமான கலவை இதற்கு ஆகாது. கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல் துகள்), பருமணல் மூன்றையும் சம அளவில் கலக்குங்கள். கோகோபீட்டில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். மணலில் தூசு இருந்தால் அது துளைகளை அடைக்கும். எம்-சாண்ட் என்றால் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவியே ஆக வேண்டும். ஊற்றிய தண்ணீர் மேலே தேங்காமல் சில நொடிகளில் கீழே இறங்கினால் கலவை சரி. மண்புழு உரம் இப்போது வேண்டாம்.

விதையைப் படுக்கை வாட்டில் வைத்து, மேலே 5 மில்லிமீட்டருக்கு மேல் மூடாதீர்கள். விதைக்கு விதை 3 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். விதைத்த தட்டைத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டால் விதை இடம்பெயராது. முளைக்கும் வரை பாலித்தீன் மூடி இருக்கலாம். பாதி விதை தலைகாட்டியதும் எடுத்துவிடுங்கள். மீதியும் வரட்டும் என்று காத்திருந்தால் வந்ததையும் இழப்பீர்கள். விதைத்தோல் தொப்பி போல ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். ஒரு சொட்டு நீர் விட்டால் தானே கழன்றுவிடும்.

நாற்றின் கழுத்து மண்மட்டத்தில் நீர்க்கோத்துச் சுருங்கிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். அந்த நாற்றைச் சுற்றியுள்ள கலவையோடு அகற்றி, மற்றவற்றுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றுங்கள். பிறகு மேற்பரப்பு காயும் வரை தண்ணீரே வேண்டாம்.

மென்மையான நாற்று என்று நிழலில் ஒளித்துவைப்பதும் கெடுதல். தண்டு நூலாக நீண்டு மெலியும். முதலில் வரும் வித்திலை விரிந்ததும் மூன்று மணி நேரம் காலை வெயில் கொடுங்கள்; ஆறு வாரத்துக்குள் படிப்படியாக முழு வெயிலுக்குப் பழக்குங்கள்.

தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் விதைக்காதீர்கள். அடைமழையில் பிஞ்சு நாற்று தாங்காது. தை பிற்பாதியிலிருந்து சித்திரைக்குள் விதைத்தால் வடகிழக்குப் பருவமழைக்குள் அடித்தண்டு ஓரளவு திரண்டிருக்கும். அப்போதும் மழை படாத இடத்தில் வைப்பதே நல்லது.

நாலைந்து இலை வந்ததும் 3 அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலை அழைக்கும். வேர் அறுபட்டால் நிழலில் மூன்று நாள் காயவிட்டு, காய்ந்த கலவையில் நட்டு, சில நாள் கழித்தே தண்ணீர் விடுங்கள். அடி பெருக்கட்டும் என்று தண்டை மண்ணுக்குள் ஆழப் புதைப்பதும் வேண்டாம். ஒவ்வொரு முறை தொட்டி மாற்றும்போதும் ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்கி நட்டால் போதும்.

பூவின் நிறத்துக்கு விதை உத்தரவாதம் தராது. அடுக்குப் பூ வேண்டுமென்றால் ஒட்டுச்செடிதான் வாங்க வேண்டும். நீல அடினியம் என்று படம் காட்டி விற்கும் விதையை வாங்கவே வாங்காதீர்கள். அப்படி ஒரு பூ இந்தச் செடியில் கிடையாது.

இது அரளிக் குடும்பம். இதன் பால் ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவப்பட்ட நஞ்சு. வேரையோ கிளையையோ வெட்டும்போது கையுறை போடுங்கள், கத்தியைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், வெட்டிய துண்டுகளை ஆடு மாடு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.