ஜாவா வெப் அப்ளிகேஷன் எழுதக் கணினியைத் தயார் செய்வது எப்படி?

ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதிப் பழக மூன்று பொருள் போதும்: ஜேடிகே (ஜாவா நிரலை உருவாக்கி ஓட்டும் கருவிகள்), டாம்கேட் (வெப் அப்ளிகேஷனை ஓட்டும் சர்வர்), எக்லிப்ஸ் (நிரல் எழுதும் மென்பொருள்). மூன்றும் இலவசம். எந்தப் பதிப்போடு எது சேரும் என்று பார்க்காமல் கிடைத்ததை இறக்கினால்தான் வம்பு. இங்கே நாம் எடுத்துக்கொள்வது ஜேடிகே 21, டாம்கேட் 10.1, எக்லிப்ஸின் புதிய பதிப்பு. கணினி விண்டோஸ்.

1. ஜேடிகே

அடாப்டியம் தளத்திலிருந்து டெமுரின் 21 என்ற ஜேடிகேயை இறக்குங்கள். நிறுவும்போது ஒரு திரையில் 'ஜாவா ஹோம்' வேரியபிளுக்கான (ஜேடிகே இருக்கும் இடத்தை மற்ற மென்பொருள்களுக்குச் சொல்வது) வரியில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அதை க்ளிக் செய்து, நிறுவும்படி மாற்றுங்கள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால் இது விட்டுப்போகும்; பிறகு டாம்கேட்டைத் தனியாக ஓட்டும்போது தகராறு செய்யும்.

2. டாம்கேட்

இதில் ஜிப் கோப்பையே எடுங்கள். சி டிரைவில் ஒரு ஃபோல்டரில் பிரித்து வைத்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் சர்வீஸாக நிறுவும் கோப்பும் அங்கே இருக்கும், வேண்டாம். அது பின்னணியில் ஓடி 8080 போர்ட்டை (சர்வருக்குக் கோரிக்கைகள் வரும் வாசல் எண்) பிடித்துக்கொண்டால், எக்லிப்ஸ் தன் டாம்கேட்டைக் கிளப்ப முடியாமல் 'போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று மல்லுக்கட்டும்.

3. எக்லிப்ஸ்

'என்டர்பிரைஸ் ஜாவா அண்ட் வெப் டெவலப்பர்ஸ்' என்ற தொகுப்புதான் நமக்கு வேண்டியது. சாதாரண ஜாவா தொகுப்பை இறக்கிவிட்டு, வெப் ப்ராஜெக்ட் மெனுவையே காணோமே என்று தேடாதீர்கள். திறந்ததும் விண்டோ மெனுவில் ப்ரிஃபரன்சஸ், அதில் சர்வர், அதில் ரன்டைம் என்விரான்மென்ட்ஸ். ஆட் கொடுத்து டாம்கேட் 10.1-ஐத் தேர்ந்து, பிரித்து வைத்த ஃபோல்டரைக் காட்டுங்கள். கீழேயே ஜேடிகே 21-ஐயும் தேர்ந்துவிடுங்கள்.

4. முதல் ப்ராஜெக்ட்

ஃபைல், நியூ, டைனமிக் வெப் ப்ராஜெக்ட். ஹலோ என்று ஆங்கிலத்தில் பெயர் கொடுத்து, டார்கெட் ரன்டைமில் டாம்கேட் 10.1 இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ப்ராஜெக்ட்டின் மேல் ரைட் க்ளிக் செய்து, நியூ வழியாக ஒரு சர்வ்லெட் (பிரௌசரின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) சேருங்கள். மாதிரி நிரலை எக்லிப்ஸே எழுதித் தரும். அந்தக் கோப்பில் ரைட் க்ளிக், ரன் ஆஸ், ரன் ஆன் சர்வர். ஒரு வரி ஆங்கிலமும் ப்ராஜெக்ட்டின் பெயரும் திரையில் வந்தால் எல்லாம் சரி.

பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்று மட்டும் போட்டால் 404, அதாவது பக்கம் கிடைக்கவில்லை என்ற பிழை வரும். பதற வேண்டாம். எக்லிப்ஸ் தன் வொர்க்ஸ்பேஸுக்குள் தனி இடம் ஒதுக்கி டாம்கேட்டை ஓட்டுகிறது. டாம்கேட்டின் முகப்புப் பக்கம் அங்கே இருக்காது. முகவரியில் ப்ராஜெக்ட்டின் பெயரும் சர்வ்லெட்டின் பெயரும் சேர வேண்டும்.

அவற்றைச் சேர்த்தும் 404 வந்தால்தான் கவலைப்பட வேண்டும். என் முதல் ப்ராஜெக்ட் ஒரு மாலை முழுக்க இப்படித்தான் நின்றது. பழைய பாடம் ஒன்றிலிருந்து எடுத்த நிரலில் இம்போர்ட் வரிகள் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கின. சிவப்புக்கோடு விழுந்ததும், எங்கோ கிடைத்த பழைய சர்வ்லெட் ஜார் கோப்பை (ஜாவா நிரல்களின் தொகுப்பு) சேர்த்தேன். கோடு மறைந்தது, 404 மறையவில்லை.

காரணம் இதுதான்: ஆரக்கிள் 2017-இல், சர்வ்லெட்டும் அடங்கிய ஜாவா ஈஈ என்ற தொகுப்பை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தபோது ஜாவா என்ற வணிகப்பெயரைக் கொடுக்கவில்லை. அதனால் அது ஜகார்த்தா ஈஈ ஆனது, இம்போர்ட் வரிகளும் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 9 வரை பழைய பெயர், 10 முதல் புதிய பெயர். பழைய பெயரில் குறித்த சர்வ்லெட்டை டாம்கேட் 10 கண்டுகொள்ளவே கொள்ளாது. ஜார் எதையும் சேர்க்காமல், சர்வ்லெட் இம்போர்ட்களில் 'ஜாவாஎக்ஸ்' இருக்கும் இடத்தில் 'ஜகார்த்தா' என்று போடுங்கள்.

5. தமிழில் வணக்கம்

சர்வ்லெட்டில் இருக்கும் ஆங்கிலத்துக்குப் பதில் 'வணக்கம்' என்று எழுதி ஓட்டினால் கேள்விக்குறிகளாக வரும். சர்வ்லெட்டின் இயல்பான எழுத்துக் குறியாக்கம் ஐஎஸ்ஓ 8859-1. அதில் தமிழுக்கு இடமில்லை. செட் கன்டென்ட் டைப் என்ற வரியைச் சேர்த்து, அதில் தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறியாக்கத்தைக் குறிப்பிடுங்கள். அந்த வரி, எழுத்தை வெளியே அனுப்பும் ரைட்டரை வாங்கும் (கெட் ரைட்டர்) வரிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே போட்டால் கேள்விக்குறிகள் அப்படியே நிற்கும்.