பெரிய பொய்மீன்: எறிவது எப்படி, கிழிந்தால் ஒட்டுவது எப்படி

தோமான் மீன் ஒருமுறை வாய் வைத்தால், தூண்டிலில் இரையாக மாட்டும் ரப்பர் மீனுக்கு வால் மிஞ்சாது. காசு சேர்த்து வாங்கிய பொய்மீன் ஒரே காலையில் போய்விட்டதே என்று, மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் பழைய ஈயச் சுரங்கம் விட்டுப்போன ஈயக்குட்டைக் கரையில் முகம் வாடி நிற்கும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் அதைப் புல்லில் வீசிவிட்டுப் போய்விடுவார்கள். நான் பொறுக்கிக்கொண்டு வருவேன். இப்போது என் பெட்டியில் இருக்கும் பெரிய பொய்மீன்களில் பாதி அப்படி வந்தவைதான். அவற்றில் மீனும் பிடிபடுகிறது.

ஒட்டக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. செம்பனை ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தூண்டில் பிடிக்கத் தெரியாது, ஆனால் உடைந்ததைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. "மாப்ளே, தண்ணியில போட்டுப் பாக்காம சரி பண்ணிட்டேன்னு சொல்லாதே" என்பார். ஒட்டு நன்றாக இருப்பது பாதி வேலைதான். ஒட்டிய பிறகு அது மீன் மாதிரி நீந்த வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

பெரிய பொய்மீன் எதற்கு

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் குளிர்காலத்தில் ஏரிகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விடுவார்கள். அங்குள்ள லார்ஜ்மவுத் பாஸ் அந்த டிரவுட்டைத் தின்று கொழுத்தது. அதைப் பார்த்தவர்கள் டிரவுட் அளவுக்கே மரத்தில் பொய்மீன் செதுக்கி எறிய ஆரம்பித்தார்கள். பெரிய மீன் அடிக்கடி சின்னப் பூச்சியைத் துரத்தாது; ஒரு நல்ல வாய் கிடைத்தால் போதும் என்று காத்திருக்கும். 1932ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், கிட்டத்தட்ட 10 கிலோ. அதற்குச் சமமான மீனை 2009ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தார். அவர் போட்ட இரையும் பூச்சி இல்லை, உயிருள்ள புளூகில் மீன்.

நம் ஈயக்குட்டைகளில் பிடிபடுவது அந்த பாஸ் இல்லை. பீக்காக் பாஸ் பெயரில்தான் பாஸ். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, திலாப்பியாவின் குடும்பம். தோமான் நம் மண்ணின் மீன், விரால் சாதி, ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். இரண்டுமே கண்ணால் பார்த்து வேட்டையாடுபவை. அதனால் அங்கே பாஸுக்குச் செய்த பொய்மீன் இங்கே நன்றாகவே வேலை செய்கிறது. பற்கள் மட்டும்தான் வித்தியாசம். லார்ஜ்மவுத்தின் வாய் அரத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், கிழிக்காது. தோமானுக்குக் கோரைப்பல். ஆகவே நமக்கு ஒட்டு வேலை அதிகம்.

எதை வாங்குவது

கடையில் மூன்று வகை பார்ப்பீர்கள். முழுக்க ரப்பராக, வால் நுனி துடுப்பு மாதிரி இருப்பது ஒன்று. நடுவில் ஒரே ஒரு மூட்டு வைத்த கெட்டி மீன் இன்னொன்று. இழுத்தால் இடமும் வலமுமாக வழுக்கிப் போகும், இதைத்தான் கிளைட் பெய்ட் என்கிறார்கள். மூன்றாவது, நான்கைந்து மூட்டு வைத்துப் பாம்பு மாதிரி நெளிவது.

முதல் பொய்மீன் ரப்பராகவே இருக்கட்டும். ஐந்து ஆறு அங்குலம், 50 அல்லது 60 கிராம் போதும். சும்மா சுற்றினாலே வால் ஆடும், தப்பு செய்ய அதிகம் இடமில்லை. கிளைட் பெய்ட் அழகுதான், ஆனால் அதை நடக்க வைக்கக் கை பழக வேண்டும்; விலையும் அதிகம்.

திலாப்பியா நிறைந்த குட்டை என்றால் தட்டையான, அகலமான உடம்பு உள்ளதை எடுங்கள். நிறத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குட்டையில் எந்த மீன் குஞ்சு ஓடுகிறதோ அதன் உருவமும் அளவும்தான் முக்கியம்.

கம்பு, ரீல், தங்கூசி

ஹருவான் என்கிற விரால் பிடிக்கும் சாதாரணக் கம்பில் 60 கிராமை எறிந்தால் கம்பு முறியும். கம்பின் அடியில் எத்தனை கிராம் வரை எறியலாம் என்று அச்சிட்டிருக்கும். அந்த எண் உங்கள் பொய்மீனின் எடையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஏழரை அடி நீளம் வசதி. ரீல் பெய்ட் காஸ்டிங் வகை, கொஞ்சம் பெரியது. தோமானுக்குப் பின்னல் நூல் 50 பவுண்டு இழுப்பைத் தாங்குவது, அதன் நுனியில் தடித்த தங்கூசி 60 முதல் 80 பவுண்டு வரை, இரண்டு அடிக்குக் குறையாமல். பீக்காக் பாஸ் மட்டும்தான் என்றால் இவ்வளவு தடிப்பு வேண்டாம்.

எறிவது

இங்கேதான் புதியவர்கள் பொய்மீனை இழக்கிறார்கள். சின்னப் பொய்மீனை எறிகிற மாதிரி மணிக்கட்டால் சுண்டினால், கனமான மீன் திடீரென்று நூலை இழுக்கும், ரீல் சிக்கும், பின்னல் நூல் பட்டென்று அறுந்து பொய்மீன் மட்டும் குட்டையின் நடுவுக்குப் பறந்து போகும். என் முதல் கிளைட் பெய்ட் அப்படித்தான் போனது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே முதலில் ரீலின் பிரேக்கை இறுக்கி வையுங்கள். கம்பை நேராகப் பிடித்து இறுக்கும் திருகைச் சரி செய்தால், பொய்மீன் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ரீல் சுற்றுவது நிற்க வேண்டும். பிறகு கம்பு நுனியிலிருந்து இரண்டு அடி நூலைத் தொங்கவிடுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் கொண்டுபோய், அங்கே நிறுத்தாமல் ஒரே வீச்சாக, ஊஞ்சல் தள்ளுகிற மாதிரி முன்னால் கொண்டுவாருங்கள். வேகம் கம்பிலிருந்து வரட்டும், கையிலிருந்து வேண்டாம். பொய்மீன் தண்ணீரைத் தொடும் முன்பே பெருவிரலால் ரீலை அணையுங்கள். வீட்டு முன்னால் திடலில், முள்ளைக் கழற்றிவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க இதை மட்டும் பழகுங்கள். முள்ளோடு எறியும்போது பின்னால் ஆள் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் திரும்பிப் பாருங்கள்.

கரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஈயக்குட்டையின் விளிம்பு கெட்டியாகத் தெரியும், அடியில் மணல் அரித்துப் போயிருக்கும். ஒரு அடி தள்ளினால் ஆழம் தலைக்கு மேல் போய்விடும். தனியாகப் போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் விளிம்பில் நிற்காதீர்கள்.

இழுப்பது

மெதுவாக. நீங்கள் மெதுவாக என்று நினைப்பதைவிட இன்னும் மெதுவாக. ரப்பர் மீனைக் காலடியில் போட்டு இழுத்து, வால் ஆடத் தொடங்கும் குறைந்த வேகம் எது என்று பாருங்கள். அதுதான் உங்கள் வேகம். தோமானுக்கு விடிகாலை நல்லது. பீக்காக் பாஸுக்கு வெயில் ஏறிய பிறகும் பசி உண்டு, அதற்குக் கொஞ்சம் வேகமாக இழுக்கலாம். கிளைட் பெய்ட்டுக்கு ரீலின் கைப்பிடியை அரைச் சுற்று, ஒரு நிறுத்தம், மறுபடி அரைச் சுற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது பக்கவாட்டில் வழுக்கும்.

பின்னாலேயே நிழல் மாதிரி ஒரு மீன் வந்து, கடிக்காமல் திரும்பும். அந்த நேரம் நிறுத்தாதீர்கள். சட்டென்று இரண்டு சுற்று வேகமாகச் சுற்றுங்கள், தப்பி ஓடுகிற மீன் மாதிரி. கடி விழுந்தால் உடனே வெட்டி இழுக்க வேண்டாம். நூலில் கனம் தெரிந்ததும் கம்பைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடியுங்கள்.

சிவப்பாகத் தோமான் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கினால் தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அங்கே எறிந்தால் நிச்சயம் கடிக்கும். எறியாதீர்கள். காவல் போனால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை.

ரப்பர் மீன் கிழிந்தால்

கிழிந்த துண்டு கிடைத்தால் அதைத் தனியாகப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டில் பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டையும் கழுவி நன்றாகக் காய விடுங்கள். மீன் எண்ணெய் கொஞ்சம் இருந்தாலும் ஒட்டு நிற்காது.

வேண்டியது ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல். அது இல்லையென்றால் மெழுகுவர்த்தியில் சூடாக்கிய பழைய கத்தி. கிழிந்த இரண்டு வாயையும் லேசாகத் திறந்து, நடுவில் சூட்டுக்கோலை விட்டு, இரண்டு பக்கமும் பளபளவென்று உருகியதும் கோலை எடுத்துவிட்டு அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிமிடம் அசையாமல். பிறகு வெளிப்பக்கக் கோட்டின் மேல் கோலை மெல்லத் தடவினால் வடு தெரியாமல் மூடிக்கொள்ளும். துண்டு காணாமல் போயிருந்தால் அதே மென்மையுள்ள பழைய ரப்பர் புழுவை வெட்டி, உருக்கி, பள்ளத்தை நிரப்பலாம்.

இதை வீட்டுக்குள் செய்யாதீர்கள். இந்த ரப்பர் உண்மையில் மென்மையாக்கிய பிவிசி. அளவுக்கு மேல் சூடானால் பழுப்பாகிக் கருகும், அந்தப் புகையில் அமில ஆவி வரும், தொண்டையை எரிக்கும். வாசலில், காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்யுங்கள். பழுப்பு நிறம் தெரிந்தால் சூட்டைக் குறையுங்கள்.

மளிகைக் கடையில் கம் காஜா என்று கேட்டால் கிடைக்கும் உடனடிப் பசையும் உதவும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. தலைப் பக்கம், முள் நுழைந்த ஓட்டை, முதுகு, இங்கெல்லாம் போடலாம். வால் தண்டில் மட்டும் வேண்டாம். காய்ந்ததும் கல் மாதிரி ஆகிவிடும், வால் ஆடாது. ஆடாத வாலோடு எவ்வளவு அழகாக ஒட்டினாலும் பயனில்லை. வாலுக்குச் சூடு மட்டும்தான்.

சில ரப்பர் மீன்கள் வேறு வகை, பல மடங்கு இழுத்தாலும் கிழியாதவை. அவற்றை பிவிசியோடு சேர்த்து ஒட்டவும் முடியாது, ஒரே பெட்டியில் வைக்கவும் கூடாது. ஒன்றையொன்று கரைத்து ஒரே பிசினாகிவிடும்.

கெட்டி மீன் அடிபட்டால்

புதிதாக வாங்கியதும் சமையல் தராசில் நிறுத்து, எடையைப் பெட்டியின் மூடியில் எழுதி வையுங்கள். பல் பட்டுப் பூச்சு பெயர்ந்தால் தண்ணீர் உள்ளே போகும். மரமாக இருந்தால் ஊறி வெடிக்கும். அடுத்த முறை நிறுக்கும்போது இரண்டு கிராம் கூடியிருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே பூசி மூடினால் உள்ளேயே அழுகும். நிழலில், காற்றாடிக்கு முன்னால், எழுதி வைத்த எடை திரும்ப வரும் வரை காய விடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்க வேண்டாம், பூச்சு கொப்பளித்துவிடும்.

காய்ந்த பிறகு 400 எண் உப்புத்தாளால் அடிபட்ட இடத்தை மட்டும் தேயுங்கள். தண்ணியான உடனடிப் பசையை ஒரு சொட்டு விட்டால் விரிசலுக்குள் தானாக ஊறிப் போகும். நிறத்துக்கு நகப்பூச்சு போதும். மேலே இரண்டு டியூப் எப்பாக்சி, சம அளவு கலந்து, மெல்லியதாக. ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், முப்பது நிமிட வகை வாங்குங்கள். இறுகும் வரை மீனைக் கையில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் வயிற்றில் சொட்டாகத் தேங்கும்.

முள் மாட்டும் வளையத் திருகு ஆடினால் அதோடு எறியாதீர்கள். அடுத்த பெரிய மீன் அதைப் பிடுங்கிக்கொண்டு போகும், முள்ளும் அதன் வாயிலேயே தங்கிவிடும். திருகை முழுக்கக் கழற்றி, ஓட்டையைக் காய வைத்து, எப்பாக்சி நிரப்பி, மறுபடி திருகி, ஒரு நாள் விடுங்கள்.

மூட்டு ஊசி வளைந்தால் அதே தடிப்புள்ள துருப்பிடிக்காத கம்பியை வெட்டிப் போடலாம். பசை மூட்டுக்குள் போனால் மீன் செத்த மாதிரிதான். அதனால் பசை வேலைக்கு முன் மூட்டில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். வேலை முடிந்ததும் தலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பின்பாதி தன் எடையிலேயே இடமும் வலமும் தொங்க வேண்டும்.

டிரம்மில் போட்டுப் பார்ப்பது

மாமா வீட்டுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் பிடிக்கும் நீல டிரம் இருக்கிறது. ஒட்டிய எதுவும் அதில் இறங்காமல் குட்டைக்குப் போவதில்லை. முள், வளையம் எல்லாம் மாட்டியே போடுங்கள், ஏனென்றால் முள்ளின் எடையும் கணக்கில் உண்டு. மீன் நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, மூக்கு மேலே தூக்குகிறதா என்று பாருங்கள். வாலில் ஒரு கிராம் எப்பாக்சி கூடினாலே மூக்கு எழும்பும். அப்போது ஈயக்கம்பியை முன் முள்ளின் தண்டில் சுற்றிச் சமன் செய்யலாம், அல்லது வாலில் பூசியதைத் தேய்த்துக் குறைக்கலாம். நான் தேய்ப்பதையே விரும்புவேன்.

குளிர் நாட்டு ஏரிக்காகச் செய்த மீன் நம் குட்டையில் கொஞ்சம் வேகமாக மூழ்குவதையும் பார்ப்பீர்கள். பழுது என்று நினைக்க வேண்டாம். 10 டிகிரித் தண்ணீரைவிட 30 டிகிரித் தண்ணீர் அடர்த்தி குறைவு. 100 கிராம் பொய்மீனுக்கு இது ஏறக்குறைய 0.4 கிராம் கூடின மாதிரி. அந்தரத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மீனுக்கு அந்த 0.4 கிராமே போதும், மெல்ல மூழ்கத் தொடங்கும். ஒரு அளவு சின்ன வளையம் மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிரம்மில் நேராக நின்றால் துடைத்துக் காய வைத்து, வால் மடங்காமல், ஒன்றன்மேல் ஒன்று படாமல், தனித்தனிப் பையில் நேராகத் தொங்கவிடுங்கள். மடங்கிய வாலைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் நேராகிவிடும்.