பேராசிரியருக்கு நினைவு மலர் போடுகிறவர்களுக்கு

எங்கள் தாவரவியல் சார் மறைந்த பிறகு, பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போட்டோம். தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நீங்களும் அதில் இறங்குவதாக இருந்தால், முதலில் கட்டுரை கேட்கும் விதத்தைக் கவனியுங்கள்.

"சாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் "அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம்" என்றுதான் வரும். பெயரை மாற்றினால் எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். கேள்வியாகக் கேளுங்கள். உங்களை எதற்குத் திட்டினார்? வகுப்புக்கு வெளியே எங்கே பார்த்தீர்கள்? கையில் என்ன இருந்தது? இப்படித் துருவியதில்தான் ஒருவர் கொல்லிமலைப் பயணத்தை எழுதினார். மழை வந்ததும் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓட, சார் குடையைச் செடிகளை அழுத்திக் காயவைக்கும் பிரஸ்ஸுக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நடந்து வந்திருக்கிறார். "நாம காஞ்சிடுவோம்டா, இது பூஞ்சை பிடிச்சுடும்."

ஆண்டும் ஊரும் கேட்டு வாங்குங்கள். திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் மேத்யூ பாதிரியார் 1967-ல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியத்துக்கு (காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் இடம்) சார் எங்களை அழைத்துப்போனபோது, செடியைவிடத் தாளின் மூலையில் ஒட்டிய சீட்டைத்தான் அதிக நேரம் காட்டினார். சேகரித்தவர், நாள், இடம் இல்லாத செடி வெறும் சருகு என்பார். நினைவுக்கும் அப்படித்தான்.

எழுத வராதவர்களிடம் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். எங்களுக்குக் கிடைத்ததிலேயே நல்ல பக்கம் ஆய்வக உதவியாளர் அண்ணன் சொன்னது. சாரின் வீட்டில் அம்மாவிடம் மட்டும் காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் போகட்டும். கடிதமோ டைரியோ கொடுத்தால், எதை அச்சிடலாம் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். பழைய பிரின்ட்டுகளைக் குறைந்தது 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். குரூப் போட்டோவில் நிற்பவர்களின் பெயர்களை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

அச்சுக்கு டெம்மி 1/8, அதாவது சாதாரணப் புத்தக அளவு, போதும். ஆஃப்செட் என்றால் 16 பக்க ஃபாரமாகக் (ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்கள்) கணக்குப் போட்டு மேட்டரை அடக்குங்கள். பணத்தை முதலிலேயே வசூலித்துவிடுங்கள், அப்புறம் யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

சரி, வாழ்த்துரைகள். சாரை ஒருமுறைகூடப் பார்த்திராத பிரமுகர்கள் படத்தோடு முன்பக்கங்களைக் கேட்பார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பக்கம் ஒதுக்குங்கள், அதுவும் கடைசியில்.