கணினியிலிருந்து ஆவணக் கோப்புகளை அனுப்பும் முறை

பிறர் படிக்க மட்டுமே வேண்டிய ஆவணத்தை வேர்டு கோப்பாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்புவதே நல்லது. எழுத்துருக்களும் கோப்புக்குள்ளேயே பொதியப்படுவதால், பெறுபவரின் கணினியில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்க அமைப்பு குலையாது. பல கோப்புகள் இருந்தால் அவற்றைச் சுருக்கி ஒன்றாகக் கட்டி ஒரே ஜிப் கோப்பாக்கலாம். ஜிமெயிலில் இணைக்கும் கோப்புகளின் மொத்த அளவு 25 எம்பியைத் தாண்டக்கூடாது. அதைவிடப் பெரியதைக் கூகுளின் இணையச் சேமிப்பிடமான கூகுள் டிரைவில் ஏற்றி, பகிர்வதற்கான பொத்தானை அழுத்தி, பெறுபவரின் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்து, அவர் பார்க்க மட்டும் செய்யலாமா, கருத்திடலாமா, திருத்தலாமா என்பதைத் தேர்ந்தெடுத்த பின்னரே அனுப்புங்கள். ஆவணத்தின் இணையச் சுட்டி (லிங்க்) கிடைத்த எவரும் திறக்கலாம் என்ற தெரிவு எளிதுதான். ஆனால் அந்தச் சுட்டி யார் கைக்குப் போனாலும் ஆவணம் திறந்துகொள்ளும் என்பதால், அடையாளச் சான்றுகளுக்கும் வங்கி விவரங்களுக்கும் அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அத்தகைய கோப்புக்குக் கடவுச்சொல் இட்டு, அதை அதே மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் தெரிவியுங்கள்.