ஒரு விசை, மூன்று இலக்கு: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் மேம்பட்ட மேக்ரோ எழுதும் முறை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணையவழிக் கணினி ஆட்டத்தை ஆடத் தொடங்கிய நாளிலிருந்து, புதிதாக வந்து சேரும் தம்பிமார் எல்லாரும் ஒரே கோரிக்கையைத்தான் முன்வைக்கிறார்கள்: "அண்ணே, ஒரே விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எந்த மந்திரம் தேவையோ அது தானாகப் போகிற மாதிரி ஒரு மேக்ரோ எழுதித் தாருங்கள்." மேக்ரோ என்பது ஒரு விசையில் கட்டிவைக்கும் சில வரிக் கட்டளை. எல்லாவற்றையும் தானே முடிவு செய்யும் அப்படி ஒன்றை எழுத இயலாது. தொடக்கக் காலத்தில் யாருக்கு உயிர் குறைந்திருக்கிறது என்பதைத் தானே பார்த்து, ஏற்ற மந்திரத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் துணைநிரல்கள் (ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்கள்) இருந்தன. 2006 டிசம்பரில் வெளியான 2.0.1 பதிப்பு அந்த வழியை அடைத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் நிபந்தனைகளைக் கொடுத்தது. அந்த நிபந்தனைகளால் உயிரின் அளவையும் மந்திரத்தின் காத்திருப்பு நேரத்தையும் (மீண்டும் பயன்படுத்தக் காத்திருக்க வேண்டிய நேரம்) பார்க்க முடியாது. ஆகவே 'எப்போது' என்பதை உங்கள் விரல்தான் முடிவு செய்ய வேண்டும். 'யாருக்கு' என்பதை மட்டும் மேக்ரோவிடம் ஒப்படைக்கலாம். நல்ல மேக்ரோக்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கின்றன.

கீழே வரும் கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். ஆட்டத்துக்குள் அவற்றை இதே குறிகளோடு ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். /மேக்ரோ என்று தட்டினால் சாளரம் திறக்கும். அதன் பொதுப் பகுதியில் 120 மேக்ரோக்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் 255 எழுத்துகளே எல்லை. சின்னமாகக் கேள்விக்குறியைத் தேர்ந்தெடுத்து, முதல் வரியில் #ஷோடூல்டிப் என்று எழுதிவிட்டால், அந்த நொடியில் எந்த மந்திரம் போகுமோ அதன் படமே பொத்தானில் தெரியும். பலர் சோம்பலால் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். மேக்ரோ தவறான கிளைக்கு, அதாவது நீங்கள் நினைக்காத நிபந்தனைக்குப் போவதைக் கண்ணால் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

நிபந்தனைகளின் இலக்கணம் சிறியது. ஓர் அடைப்புக்குறிக்குள் காற்புள்ளி இட்டால் 'இதுவும் அதுவும்' என்று பொருள். அடைப்புக்குறிகளை அடுத்தடுத்து வைத்தால் 'இது, இல்லையேல் அது'. அரைப்புள்ளி வேறொரு மந்திரத்துக்கு மாறுவதைக் குறிக்கும். சொல்லின் முன்னே 'நோ' சேர்த்தால் எதிர்மறை. வெற்று அடைப்புக்குறி எப்போதும் உண்மை. ஆட்டம் இவற்றை இடமிருந்து வலமாகப் படித்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். எனவே மிகக் குறிப்பான நிபந்தனை முதலிலும் மிகப் பொதுவானது கடைசியிலும் வர வேண்டும். வெற்று அடைப்புக்குறியை முதலில் வைத்தவருக்கு அதற்குப் பின்னால் எழுதிய எதுவும் ஒருநாளும் வேலை செய்யாது.

குணப்படுத்தும் பிரீஸ்ட் (பூசாரி) பாத்திரத்தை ஆடுபவருக்கான மேக்ரோவைப் பாருங்கள்:

#ஷோடூல்டிப்
/காஸ்ட் [@மவுஸ்ஓவர்,ஹெல்ப்,நோடெட்][ஹெல்ப்,நோடெட்][@பிளேயர்] ஃப்ளாஷ் ஹீல்

மவுஸ் அம்பு உயிரோடுள்ள ஒரு நண்பரின் மேல் இருந்தால் மந்திரம் அவருக்குப் போகும். இல்லையென்றால் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் நண்பருக்கு. அவரும் இல்லையென்றால் உங்களுக்கே. அம்பை உருவத்தின் மேல் வைக்க வேண்டிய கட்டாயமில்லை, திரையில் தெரியும் குழுவினர் பட்டியலில் உள்ள பெயரின் மேல் வைத்தாலும் போதும். இருபது பேர் குவிந்து நிற்கும் ரெய்டில் (பெரிய குழுவாகச் சேர்ந்து போடும் சண்டையில்), ஒவ்வொருவரையும் சொடுக்கித் தேர்ந்தெடுத்துப் பிறகு விசையை அழுத்துகிறவருக்கும் இப்படிச் செய்கிறவருக்கும் உள்ள வேறுபாடு ஒரே மாலையில் தெரிந்துவிடும். 'நோடெட்' என்பதை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இறந்துகிடப்பவரின் பெயரில் மேக்ரோ சிக்கி, அடுத்த கிளைக்கு நகராமல் பிழைச்செய்தி மட்டும் காட்டும்.

எதிரியின் மந்திரத்தைக் குறுக்கே வெட்டுவதற்கு ஃபோகஸ், அதாவது நடப்பு இலக்கைத் தவிர நினைவில் வைத்துக்கொள்ளும் இன்னோர் இலக்கு, பயன்படும். குறிவைக்க வேண்டிய எதிரியைத் தேர்ந்தெடுத்து /ஃபோகஸ் என்று ஒருமுறை தட்டிவிட்டால், பிறகு நீங்கள் யாரை அடித்துக்கொண்டிருந்தாலும்,

/ஸ்டாப்காஸ்டிங்
/காஸ்ட் [@ஃபோகஸ்,ஹார்ம்,நோடெட்][] கவுண்டர்ஸ்பெல்

என்பது அவரையே தாக்கும். முதல் வரி, நீங்கள் பாதி ஓதியிருக்கும் மந்திரத்தை நிறுத்தி வழிவிடுகிறது. அதில் ஓர் இடர் உண்டு: கவுண்டர்ஸ்பெல் இன்னும் தயாராகாத வேளையில் விசையை அழுத்தினாலும் உங்கள் மந்திரம் அறுந்துபோகும், ஏனெனில் காத்திருப்பு நேரத்தை மேக்ரோவால் பார்க்க முடியாது. பதற்றத்தில் விசையை நான்கு முறை தட்டும் பழக்கமுள்ளவர்கள் இந்த வரியை நீக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

தரையில் வட்டம் வரைந்து வைக்கும் மந்திரங்களுக்கு @கர்சர் இருக்கிறது. டெத் நைட் என்ற பாத்திரத்தை ஆடுபவர் /காஸ்ட் [மாட்:ஷிஃப்ட்,@பிளேயர்][@கர்சர்] டெத் அண்ட் டிகே என்று எழுதினால், ஷிஃப்டைப் பிடித்து அழுத்தும்போது காலடியிலும், வெறுமனே அழுத்தும்போது அம்பு நிற்கும் இடத்திலும் அது விழும். இடத்தை உறுதிசெய்யும் இரண்டாவது சொடுக்கு தேவைப்படாது.

ஒரே விசையில் பல வரிகளை அடுக்குவதற்கும் ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலான மந்திரங்கள் பொதுக் காத்திருப்பை, அதாவது பெரும்பாலான மற்ற மந்திரங்களையும் சற்றே தடுக்கும் இடைவெளியைத் தொடங்கிவைக்கின்றன. அது அடிப்படையில் 1.5 வினாடி. ஒரு வரி அதைத் தொடங்கிவிட்டால் அதற்குப் பின்வரும் மந்திரம் அந்த அழுத்தத்தில் போகாது. அதைத் தொடாதவற்றை மட்டும் முன்னால் சேர்க்கலாம்: /யூஸ் 13 என்பது மேல் டிரிங்கெட்டையும் (பாத்திரம் அணியும் சிறு பொருள்) /யூஸ் 14 என்பது கீழ் டிரிங்கெட்டையும் இயக்கும், அதன் அடுத்த வரியில் உங்கள் பெரிய மந்திரத்தை வைத்துக்கொள்ளலாம். டிரிங்கெட்டின் பெயரை எழுதாமல் எண்ணை எழுதுவதால், புதியதை மாட்டும்போது மேக்ரோவைத் திருத்த வேண்டியதில்லை.

/காஸ்ட்சீக்வென்ஸ் தம்பிமார் கேட்பதற்கு மிக அருகில் வருவது. /காஸ்ட்சீக்வென்ஸ் ரீசெட்=8/டார்கெட்/காம்பாட் என்று தொடங்கிக் காற்புள்ளி இட்டு மந்திரங்களை எழுதினால், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒன்றாக நகரும்; 8 வினாடி தட்டாமல் விட்டாலோ, இலக்கை மாற்றினாலோ, சண்டை முடிந்தாலோ முதலிலிருந்து தொடங்கும். ஆனால் நடுவில் உள்ள ஒரு மந்திரம் போக முடியாவிட்டால் வரிசை அங்கேயே நின்றுவிடும். எனவே சண்டையின் தொடக்கத்தில் மாறாத இரண்டு மூன்று மந்திரங்களுக்கு இது போதும். முழுச் சண்டையையும் இதில் ஓட்ட நினைப்பது செவ்வாய்க்கிழமை மாலை ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஒரே தடத்தில் போவேன் என்று அடம்பிடிப்பதைப் போன்றது. விசைப்பலகை அல்லது மவுஸுடன் வரும் மென்பொருளில் தாமத நேரம் வைத்து பல விசைகளைத் தானாகத் தட்ட வைப்பது வேறு கதை. அது ஆட்டத்தின் விதிகளுக்கே எதிரானது, கணக்கு முடக்கப்படலாம்.

255 எழுத்துகள் போதாமல் போனால் சிக்கனத்தைக் கையாளுங்கள். 'மாடிஃபையர்' என்பதற்கு 'மாட்' போதும், 'டார்கெட்=' என்பதற்கு @ போதும், /காஸ்ட் வரும் இடத்தில் /யூஸ் எழுதினால் வரிக்கு ஓர் எழுத்து மிச்சம். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி தேவையில்லை.

எழுதியதை ஆட்டத்தின் நகரங்களான ஸ்டார்ம்விண்டிலோ ஆர்க்ரிமாரிலோ உள்ள பயிற்சிப் பொம்மைகளின் முன் நின்று சோதியுங்கள். நிபந்தனையை மட்டும் தனியாகப் பார்க்க விரும்பினால் /டம்ப் செக்யூர்சிஎம்டிஆப்ஷன்பார்ஸ்("[@மவுஸ்ஓவர்,ஹெல்ப்]1;2") என்று, /டம்ப் என்பதற்குப் பின் உள்ளதைத் தவிர வேறு இடைவெளியின்றித் தட்டுங்கள்; அந்தக் கணத்தில் எந்தக் கிளை பொருந்துகிறதோ அதன் எண் அரட்டைப் பெட்டியில் வரும். பெரிய மேக்ரோவில் பிழை எங்கே என்று அரை மணி நேரம் தேடுவதை இந்த ஒரு வரி மிச்சப்படுத்தியிருக்கிறது.

மலேசியாவிலிருந்து ஓசியானியச் செர்வர்களில் ஆடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆணை சிட்னி வரை போய்வரும் தாமதத்தை ஈடுகட்ட, காத்திருப்பின் கடைசி 400 மில்லிவினாடிக்குள் அழுத்திய மந்திரத்தை ஆட்டம் வரிசையில் பிடித்து வைக்கிறது. அதுவே இயல்பான அளவு. நிபந்தனைகளோ விசையை அழுத்தும் நொடியிலேயே கணிக்கப்பட்டுவிடும். ஆகவே அழுத்தும்போது அம்பு யார்மேல் இருந்ததோ அவருக்குத்தான் மந்திரம் போகும். மந்திரம் புறப்படும் நேரத்தில் அம்பை நகர்த்திப் பயனில்லை.

சண்டை நடக்கும்போது மேக்ரோவைத் திருத்த ஆட்டம் விடாது. சிட்னியில் இரவு 8 மணிக்கு என்று குறித்த ரெய்டு இங்கே மாலை 6 மணி, அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருந்தால் 5 மணி. வேலை முடிந்து கேஎல் சென்ட்ரலில் இரயில் ஏறும் நேரத்தில் இதற்கெல்லாம் அவகாசம் இருக்காது. நாங்கள் சனிக்கிழமை காலையில், தே தாரிக் ஆறுவதற்குள், அந்த வாரத்துத் திருத்தங்களை முடித்துவிடுகிறோம்.