உளுந்து விதை நேர்த்தி: வேர் முடிச்சைக் கெடுக்கும் தவறுகள்

புதிதாக உளுந்து போடுகிறவர்கள் பருவம்தோறும் அதே தவறுகளில்தான் விழுகிறார்கள். வேர் முடிச்சுக்குள் இருந்து காற்றுத் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா ரைசோபியம். அந்தப் பாக்கெட்டை வெயிலில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் உறையிலேயே அச்சடித்திருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கலப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தார்ப்பாயில் விதையைக் கொட்டி, கார்பென்டாசிம், டிரைக்கோடெர்மா விரிடி, ரைசோபியம் மூன்றையும் சேர்த்துப் புரட்டிவிடுகிறார்கள். கார்பென்டாசிம் பூஞ்சைக்கொல்லி. டிரைக்கோடெர்மாவோ ஒரு பூஞ்சை. நோய்ப் பூஞ்சையோடு இதுவும் செத்துப்போகும்.

சரி, ரைசோபியம் பாக்டீரியாதானே, அது தப்பிக்குமே என்பார்கள். முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் செடி அனுப்பும் சர்க்கரையில்தான் பிழைக்கிறது. வேர் அழுகினால் அந்தச் சாப்பாடு நின்றுவிடும். வேரழுகலை உண்டாக்கும் மேக்ரோபோமினா பூஞ்சையின் இழைகளை டிரைக்கோடெர்மா சுற்றிப் பிடித்து, நொதி சுரந்து அதன் செல்சுவரைக் கரைக்கிறது. வேருக்கு மட்டுமல்ல, முடிச்சுக்கும் அதுதான் காவல்.

பக்கத்து வயல் தம்பி ஒருவர், கடையில் சொன்னார்கள் என்று மூன்றையும் கலந்து விதைத்தார். பூக்கும் நேரத்தில் திட்டுத் திட்டாகச் செடி வாடியது. பிடுங்கினால் தூரில் பட்டை நார்நாராக உரிகிறது, உள்ளே கரித்தூள் தூவியது போலக் கறுப்பு. நல்ல முடிச்சை நகத்தால் கீறினால் இளஞ்சிவப்பாக இருக்கும். அவர் வயலில் பழுப்பு. அதன் பிறகு அவர் போட்ட யூரியா எதையும் மீட்கவில்லை.

கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா பூசுங்கள். அப்புறம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதையுங்கள். இவை இரண்டும் ஒத்துப்போகும். கார்பென்டாசிம்தான் வேண்டும் என்றால் விதைக்கு டிரைக்கோடெர்மா வேண்டாம். மருந்து பூசி 24 மணி நேரம் கழித்து ரைசோபியம் மட்டும் பூசுங்கள். டிரைக்கோடெர்மாவை ஹெக்டேருக்கு 2.5 கிலோ வீதம், 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து மண்ணில் இடலாம்.

வேமை மேலாகத் தூவுவது

வேம் (VAM) என்பது வேர் உட்பூசணம், வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை. வேரைத் தொட்டால்தான் அது உள்ளே நுழையும். விதைக்குக் கீழே இடுங்கள். அது இழுத்துத் தரும் மணிச்சத்து முடிச்சுக்கு அவசியம், காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்க அவ்வளவு ஆற்றல் செலவாகிறது.

சோயாவுக்கான ரைசோபியம் பாக்கெட்டை உளுந்துக்குப் போடுவது

முடிச்சு சரியாக வராது.

யூரியாவை அள்ளிப் போடுவது

மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சைக் குறைத்துக்கொள்ளும்.